நாலாயிரம் மீட்டர் நகரத்தில் முதல் மூன்று ராத்திரி

காலையில் கடலோரத்தில் விமானம் ஏறி மதியம் 3,600 மீட்டரில் இறங்கினால் யாருக்கும் தலை வலிக்கலாம்; இதுதான் உயர நோயின் தொடக்கம். தினமும் ஓடிப் பழகிய உடம்புக்கும் இதில் சலுகை கிடையாது. ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான்; அழுத்தம் குறைந்துபோவதால் ஒவ்வொரு மூச்சிலும் கைக்கு வருவது குறைகிறது. பொலிவியாவின் லா பாஸில் (சுமார் 3,640 மீ) கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, அதன் தலைமேல் இருக்கும் எல் ஆல்டோவில் (சுமார் 4,150 மீ) ஐந்தில் மூன்று.

திட்டம் போடும்போது ஒரே கேள்வி: ராத்திரி எங்கே படுக்கப்போகிறீர்கள்? பகலில் எவ்வளவு மேலே போய் வந்தாலும், படுக்கை தாழ்வாக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

லா பாஸுக்கான விமான நிலையமே 4,060 மீட்டரில், எல் ஆல்டோவில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே அறை போடாதீர்கள்; நேரே கீழே இறங்கி, முடிந்தால் நகரின் தெற்குப் பகுதியான சோனா சூரில் தங்குங்கள். மையத்தைவிட அது 300 மீட்டருக்கும் மேல் தாழ்வு. எல் ஆல்டோவைப் பார்க்க மூன்றாம் நாள் கேபிள் காரில் ஏறி, அன்றே இறங்கிவிடலாம். கையில் நாள் இருந்தால் கோச்சபம்பாவில் (சுமார் 2,560 மீ) இரண்டு ராத்திரி கழித்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

பெருவின் குஸ்கோ (3,400 மீ) போகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் அருகே தாழ்வில் இருக்கும் ஒய்யந்தாய்தம்போவுக்கு (சுமார் 2,800 மீ) வண்டி பிடியுங்கள். குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். திபெத்தின் லாசாவுக்கு (3,650 மீ) ரயிலில் போனால் உடம்பு தானாகப் பழகிவிடும் என்று நம்பாதீர்கள். பாதை 5,072 மீட்டர் கணவாயைத் தாண்டுகிறது, பெட்டிக்குள் கூடுதல் ஆக்சிஜன் விடுகிறார்கள். புறப்படும் முன், அந்த ரயில் பாதையில் இருக்கும் சீன நகரமான ஷினிங்கில் (2,275 மீ) இரண்டு ராத்திரி தங்குவதுதான் உபயோகம். பொகோட்டா, மெக்சிகோ சிட்டி போன்ற, இவற்றைவிடத் தாழ்வான நகரங்களுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். முதல் நாள் மெதுவாக நடந்தாலே பலருக்குப் போதும்.

நேரே மேலே போய் இறங்குவதைத் தவிர வழியில்லை என்றால், உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசெட்டசோலமைடு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மி.கி., நாளைக்கு இரு வேளை. ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, போய்ச் சேர்ந்த பின் இரண்டு நாள் வரை. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை போட்டால் விரல் நுனி மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடாவில் சுருக்கென்ற ருசியே இருக்காது. பயந்து பாதியில் நிறுத்தாமல் இருக்க, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது.

இறங்கிய உடனே ஒன்றும் தெரியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். தலைவலியும் குமட்டலும் பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் வேளைக்கு வரும். அதனால் முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் இரண்டு ராத்திரிக்கு வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், குடம் குடமாகக் குடித்தால் உயர நோய் வராது என்பது கட்டுக்கதை. தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு ஆழமாக இழுப்பது அந்த உயரத்தில் சகஜம். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சில்லிட்ட விரலில் மாட்டினால் தப்பான எண்தான் வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். லா பாஸில் புதிதாக வந்தவருக்கு 85 முதல் 90 வரை காட்டினால் பதற வேண்டாம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? தரையில் பதித்த ஓடுகளின் நேர்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வருவது நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். இரண்டுக்கும் ஆக்சிஜன், உடனே கீழே இறங்குதல். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

லா பாஸில் இறங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. விமான நிலையம் மேலே. தாழ்வான யுங்காஸ் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையோ, தாழ்வதற்கு முன் 4,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஆகவே அங்கே முதலில் மருத்துவமனைக்குப் போய் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள், பயணம் அதன் பிறகு.

சில வாரம் தங்கிச் சமைக்கிறவர்களுக்கு: தண்ணீர் அங்கே சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பயறு எத்தனை மணி நேரம் வெந்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும், பிரஷர் குக்கர் கட்டாயம். அதிலும் வழக்கத்தைவிட நேரம் கூட்டி வையுங்கள். ஷாம்பு பாட்டிலை முதல் தடவை திறக்கும்போது வாயைத் தொட்டியின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், பீய்ச்சும்.

மாதக்கணக்கில் பழகிய பின் ஊருக்குப் போய்ச் சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால், பழைய ஆள்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அங்கேயே வளர்ந்த குழந்தைகளுக்குக்கூட, இப்படித் திரும்பி வரும்போது நுரையீரலில் நீர் கோப்பதுண்டு. முதல் இரண்டு மூன்று ராத்திரி மூச்சையும் இருமலையும் கவனியுங்கள்.