மீன் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் இரைகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நான்கடித் தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டிப் பம்ப்பால் மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி) வைத்து, முதன்முதலாகப் பம்ப்பைப் போட்ட இரவு இன்னும் நினைவிருக்கிறது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. ஸ்டாண்டுக்குள்ளிருந்து மட்டும் ஒரு சத்தம். களகளவென்று தண்ணீர் இறங்கும், திடீரென்று ‘ஸ்ர்ர்ர்’ என்று உறிஞ்சும், அரை நிமிடம் அடங்கும், மறுபடி தொடங்கும். அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, “யாருடா இந்நேரத்துல திரும்பத் திரும்ப ஃப்ளஷ் பண்றது?” என்று கேட்டார். மறுநாள் காலையில் ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டை எடுத்து, மேல்தொட்டியில் வழியும் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் திணித்தேன். சத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது கூடம் முழுக்கத் தண்ணீர்.

அந்தப் பஞ்சுதான் நான் சொல்ல வேண்டிய முதல் தவறு. தீனித் துணுக்கு, செடியின் இலை, வழுவழுப்புப் படலம் எல்லாம் அதில் வந்து சேரும். இறங்கும் வழி நாளுக்கு நாள் குறுகும். ஆனால் கீழே இருக்கும் பம்ப்புக்கு அது தெரியாது. சம்ப்பில் பம்ப் இருக்கும் அறை காலியாகும்வரை தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். துணி சுற்றுவது, குழாய்க்குள் வலை அடைப்பது எல்லாம் இதே வகைதான். குழாயின் வழியைக் குறைத்துச் சத்தத்தை அடக்க நினைக்காதீர்கள்.

அப்படியானால் எப்படித்தான் அடக்குவது? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். நிறைந்த குடத்தைச் சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ‘கொளக் கொளக்’ என்று திணறித் திணறி ஊற்றும். வெளியே வரும் தண்ணீரும் உள்ளே போகும் காற்றும் ஒரே வாயில் முட்டிக்கொள்வதால் வரும் ஓசை அது. ஓவர்ஃப்ளோ குழாயிலும் இதேதான் நடக்கிறது. குறைந்த அளவு தண்ணீர் குழாயின் சுவரை ஒட்டி வழிந்து, நடுவில் காற்று தாராளமாகப் போய்வந்தால் சத்தம் இல்லை. காற்றே இல்லாமல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடினாலும் சத்தம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குழாய்தான் இரைகிறது. ஆகவே காற்றைத் தாராளமாக விடப்போகிறீர்களா, முழுக்கத் துரத்தப்போகிறீர்களா என்று முடிவுசெய்துகொண்டு குழாயில் கை வையுங்கள். முடிவு செய்யாமல் இரண்டு வழியையும் பாதிப்பாதி செய்துவைத்த தொட்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

குழாயைத் தொடுமுன் பம்ப்பைப் பாருங்கள். 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 240 லிட்டர் கொள்ளும். அதற்கு மணிக்கு 4,000 லிட்டர் பம்ப் மாட்டிவிட்டு, குழாய் இரைகிறதே என்று வருந்துகிறோம். சம்ப் வழியாகத் தொட்டித் தண்ணீர் மணிக்கு நான்கைந்து முறை சுற்றினாலே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். உள்ளே நீரோட்டம் வேண்டுமென்றால் அதற்கு வேவ்மேக்கர் என்ற தனிக் கருவி இருக்கிறது. பம்ப் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு, ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது வெகுவாகக் குறையும். நிஜ அளவு தெரிய, குழாய் சம்ப்பில் விழும் இடத்தில் 5 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 15 நொடியில் நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

காற்றை விடும் வழி

காற்றோடு சேர்ந்து அமைதியாக ஓடுவதற்குப் பெயர்பெற்றது டர்சோ குழாய். ரிச்சர்ட் டர்சோ என்ற மீன் வளர்ப்பாளரின் பெயரால் வழங்குகிறது. தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் தடுப்பான ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ, அதாவது T வடிவ மூவாய் இணைப்பு. டீயின் மேல்வாயில் எண்ட் கேப் என்ற மூடி, அதில் சிறு துளை. பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ, அதாவது வளைவு இணைப்பு. தண்ணீர் எல்போ வழியாக, நீர்மட்டத்துக்குக் கீழிருந்து உள்ளே போகிறது. காற்று மேலே துளை வழியாக வருகிறது. ஒரே வாயில் இரண்டும் மோதவில்லை, அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் அந்தத் துளை. சிறிதாக இருந்தால் குழாய் காற்றில்லாமல் நிறைந்து, தண்ணீரை வேகமாக உறிஞ்சி இறக்கும் சைஃபன் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் நீர்மட்டம் சரசரவென்று இறங்கும், எல்போ வாய் வெளியே தெரிந்ததும் காற்றை ஒரு வாய் விழுங்கிச் சைஃபன் அறுந்துபோகும். மட்டம் மறுபடி ஏறும், மறுபடி பிடிக்கும். அம்மாவை எழுப்பிய ஃப்ளஷ் சத்தம் இதுதான். துளை பெரிதாகப் போனால் வேறு கதை: பெட்டியில் மட்டம் ஏறி, குழாய் ஓயாமல் களகளக்கும். எனவே எடுத்த எடுப்பில் பெரிய துளை போடாதீர்கள். காற்று பம்ப்புக்கு விற்கும் மெல்லிய டியூபும் சின்னப் பிளாஸ்டிக் வால்வும் வாங்கி, டியூபைக் கேப்பில் இறுக்கமாகச் செருகுங்கள். வால்வைக் கால் திருகு திருப்பி, சில நிமிடம் பொறுத்து, நீர்மட்டம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து அடுத்த கால் திருகு. அவசரப்பட்டால் இரவு முழுக்கத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மாதம் அமைதியாக இருந்த டர்சோ ஒருநாள் திடீரென்று ஃப்ளஷ் அடிக்கத் தொடங்கினால், குழாயைப் பிரிக்க வேண்டாம். துளையில் உப்பு படிந்திருக்கும். வெந்நீரில் கழுவினால் போதும்.

குழாய் குட்டையாக இருப்பதும் ஒரு தவறு. பெட்டிக்குள் தண்ணீர் ஒரு முழம் கீழே கிடந்தால், மேலிருந்து விழுவது அருவிதான். அந்த இரைச்சலுக்கும் கீழே உள்ள குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. நிற்கும் குழாயை உயர்த்தி, விழும் தூரத்தை மூன்று நான்கு செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பின்னால் உயரத்தை மாற்ற வேண்டிவரும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் குழாயை டேங்க் நிப்பிளோடு (தொட்டித் துளையில் பொருத்தும் இணைப்பு) ஒட்டாமல் அழுத்திச் செருகினாலே போதும். தொட்டிக்குக் கீழே போகும் இணைப்புகளை மட்டும் நன்றாக ஒட்டுங்கள்.

காற்றைத் துரத்தும் வழி

ஓட்டம் அதிகமாக இருந்தால் டர்சோ திணறும். அப்போது ஹெர்பி முறை எனக்குப் பிடித்தது: ஒரு குழாய் முழுச் சைஃபனாக ஓடும், அதில் ஒரு வால்வு; அதைவிட உயரமாக இன்னொரு குழாய் ஆபத்துக்காகக் காத்திருக்கும். பீன்அனிமல் முறையில் மூன்று குழாய்கள் உண்டு. நடுவே ஒன்று, சைஃபன் இழுத்தது போக மிஞ்சும் தண்ணீரை வாங்கிக்கொள்வதால் இன்னும் நம்பகமானது.

வால்வு எதற்கு? நிறைந்து ஓடும் 1 இன்ச் குழாய், ஒரு மீட்டர் இறக்கத்தில் மணிக்கு மூவாயிரம் லிட்டருக்கு மேல் இழுத்துவிடும். உங்கள் பம்ப் கொடுப்பதோ 1,200. வால்வு இல்லாவிட்டால் பெட்டி காலியாகிக் காற்றை உறிஞ்சும். இங்கே பால் வால்வு மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கால் வட்டத்தில் முழுக்கத் திறந்து மூடுவது அது. மயிரிழை அளவு திருப்ப முடியாது. கேட் வால்வு பல சுற்றுகள் சுழலும் என்பதால் மட்டத்தை விரல் அளவுக்குள் நிறுத்தலாம். ஆனால் ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கேட்டால் பெரும்பாலும் பித்தளையில்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். பிளாஸ்டிக்கில் தேடி வாங்குங்கள், அலைந்தாலும் பரவாயில்லை.

சைஃபன் குழாயின் வாய் பெட்டியின் நீர்மட்டத்துக்கு ஒட்டி இருக்கக் கூடாது. சுழி விழுந்து காற்றை இழுக்கும். ஒரு சாண் ஆழத்தில் இருக்கட்டும். கீழ்முனையோ சம்ப் தண்ணீரில் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் முழுகினால் போதும். அரை அடி ஆழத்தில் புதைத்தால் சத்தம் இன்னும் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கரன்ட் போய்வந்த பிறகு குழாயில் சிக்கிய காற்று அந்த ஆழத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் நிற்கும், சைஃபன் பிடிக்கத் தாமதமாகும், மேலே மட்டம் ஏறும்.

வாஷிங் மெஷினுக்கு வரும் நெளிநெளிக் குழாயை மாட்டுவதையும் விட்டுவிடுங்கள். உள்சுவரின் நெளிவுகள் ஓட்டத்தைக் கலைக்கும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கும். படுக்கைவசக் குழாயும் அப்படித்தான். திருப்பம் தேவையென்றால் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போடுங்கள்.

இனி ஆபத்துக் குழாய். துளையிட்டு வரும் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு துளைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறியதை ஆபத்துக்கு ஒதுக்கிவிடுகிறோம். மாற்றிச் செய்யுங்கள்: வால்வு போட்டு ஒடுக்கப்போகும் சைஃபனுக்குச் சிறியது போதும், ஆபத்துக்குப் பெரியது. அந்தக் குழாயில் வால்வும் கூடாது, நத்தை அடைக்கும்படியான வலையும் கூடாது. அதன் கீழ்முனை சம்ப் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். சைஃபனில் ஏதோ அடைத்துத் தண்ணீர் இதில் இறங்கினால் சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் அடக்கிவிடாதீர்கள், உங்களை எழுப்பத்தான் அது இருக்கிறது.

எல்லாம் அமைத்த பிறகு, வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில் பம்ப்பை நிறுத்துங்கள். மேலிருந்து வடியும் தண்ணீரை, பம்ப் குழாய் வழியாகத் திரும்பி வருவதையும் சேர்த்து, சம்ப் தாங்குகிறதா? தாங்காவிட்டால் சம்ப்பின் வழக்கமான மட்டத்தைக் குறைத்து அடையாளக் கோடு போட்டுவையுங்கள். பம்ப்பை மறுபடி போட்டு, யாரும் தொடாமலே சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, ஓடும்போதே சைஃபன் வால்வை முழுக்க மூடுங்கள். ஆபத்துக் குழாய் தனியாக முழு ஓட்டத்தையும் கொண்டுபோக வேண்டும். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். மட்டம் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் வால்வைப் பழைய இடத்துக்குத் திறந்துவிட்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.