வெயிலில் ஸ்கூட்டர் மீட்டர் தெரியவில்லையா?

உச்சி வெயிலில் டிஜிட்டல் மீட்டர் தெரியவில்லை என்றால் முதலில் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். அது போலரைஸ்டு வகையாக, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வகையாக இருந்தால், எல்சிடி திரை சில கோணங்களில் கறுத்தே போய்விடும். திரைக்குள்ளும் அதே மாதிரி ஒரு போலரைஸர் படலம் இருப்பதுதான் காரணம். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எழுத்து திரும்ப வரும். இதற்காக சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை.

வெறுங்கண்ணுக்கும் மங்கலாக இருக்கிறதா? வண்டியை ஓரமாக நிறுத்தி, செட்டிங்கில் பிரைட்னஸை ஏற்றுங்கள். டே மோடு இருந்தால் அதையே வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வெயிலுக்கு நல்லது.

அப்புறம், ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதானால் மேட் வகைதான் வாங்க வேண்டும். பளபளப்பானது வானத்தைத்தான் காட்டும்! தூசியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கண்கூச்சம் இன்னும் அதிகம்.