கணினித் திரையில் நரம்பு மரப்பு பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மயக்கவியல் முதுநிலை மாணவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்பு மரப்பு ஊசி (உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்ய நரம்பருகே மருந்து செலுத்துவது; சுருக்கமாக ‘பிளாக்’) போட, முதலில் கணினி சிமுலேட்டரில் கற்பிக்கும் அறையில், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே ஒவ்வோர் ஆண்டும் புதிய கைகள் செய்வதைப் பார்க்கிறேன். ஜெல் தடவ மறப்பதும் ப்ரோபை (தோலின் மேல் வைத்து ஒலியலை அனுப்பும் கருவியை) இடவலம் மாற்றிப் பிடிப்பதும் இரண்டு நாளில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நுனி தெரியாமலே ஊசியைத் தள்ளுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பல சிமுலேட்டர்களில் ஊசி எக்கோணத்தில் போனாலும் வெள்ளிக் கம்பிபோல் மின்னுகிறது. உடலிலோ, ஒலிக்கற்றை மிக மெல்லியது என்பதால், ஊசி சற்று விலகினாலும் அதன் தண்டு கற்றையை வெட்டும் இடமே நுனிபோல் தெரியும். உண்மையான நுனி அதைத் தாண்டி எங்கோ இருக்கும். மிகச் செங்குத்தாகச் செருகினால் எதிரொலி ப்ரோபுக்குத் திரும்பாமல் ஊசியே மறைந்துவிடும்.

நானும் சிமுலேட்டர் திரையில் தொண்ணூறு மதிப்பெண்ணுக்குக் குறையாமல் வாங்கியவள்தான். அந்தத் துணிச்சலில், மணிக்கட்டு முறிந்து வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்குக் காறை எலும்பின் மேலே பிளாக் போட்டபோது, தண்டை நுனியென்று நம்பி இன்னும் சிறிது தள்ளினேன். அவ்விடத்தில் நரம்புக் கொத்தை ஒட்டித் தமனி, அதற்குக் கீழே முதல் விலா எலும்பும் நுரையீரல் உறையும். அவர் இருமினார். மாலை எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. குழாய் போடும் அளவுக்குப் போகவில்லை என்றாலும், கைக்காக வந்தவர் நெஞ்சுக்காக மூன்று நாள் கூடுதலாகப் படுத்திருந்தார். அதை அவர் மனைவியிடம் விளக்க எனக்கு நா எழவில்லை.

புதியவர்கள் போட்ட 520 பிளாக்குகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலும், ஊசியைக் காணாமல் முன்னேறுவதும் ப்ரோபை அறியாமல் நகர்த்துவதுமே மிகுதியாக நேர்ந்த பிழைகள். ஆகவே, நுனிக்கு வண்ணமிட்டுக் காட்டும் வசதி மென்பொருளில் இருந்தால் முதல் வாரத்திலேயே அதை அணைத்துவிடுங்கள். நுனி மறைந்த நொடியில் ஊசிக் கை நிற்க வேண்டும். ப்ரோப் கை மட்டும் மெல்லச் சாய்ந்து தேட வேண்டும். இரு கைகளும் ஒருசேர நகர்ந்தால் எது எதைத் தொலைத்தது என்று தெரியாது. கோழி நெஞ்சுக்கறியில் பத்து முறை இதைப் பழகுவது, திரையில் நூறு முறை பழகுவதைவிட மேல் என்பது என் கணிப்பு.

மருந்தளவை மறப்பது

திரையில் இருப்பவருக்கு எடை இல்லை, மருந்து மிகுந்தாலும் வலிப்பு வராது. ஐம்பது கிலோ உள்ளவருக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கொண்டால், 0.5 சதவீத பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து 20 மில்லிலிட்டரோடு வரம்பு முடிந்துவிடும். சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகே செலுத்துங்கள்; மரப்பு மருந்து நஞ்சானால் கொடுக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கலவை) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அல்ட்ராசவுண்ட் திரையை முதுகுக்குப் பின்னால் வைப்பது

கண், ஊசி, திரை மூன்றும் ஒரே கோட்டில்.

மதிப்பெண்ணைத் தகுதியென்று நினைப்பது

என் எக்ஸ்ரே கதையை மறுபடி படியுங்கள்.