ஒரு குழந்தைக்கு யாருமில்லன்னா எங்க போகணும், யாரக் கேக்கணும்: 1098ல இருந்து ஃபாஸ்டர் கேர் வரைக்கும்

எங்க தெருவுல ஒரு அம்மா இறந்துட்டாங்க, அப்பா அதுக்கு முன்னாடியே எங்கயோ போயிட்டாரு, ரெண்டு பிள்ளைங்க, பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. இருக்கிறது பூ கட்டி விக்கிற பாட்டி மட்டும்தான். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட சொந்தக்காரங்க பேசினது எந்த ஹோம்ல சேக்கலாம்ங்கறததான், ஒருத்தர் ஒரு படி மேல போயி, தனக்குத் தெரிஞ்ச பிள்ளையில்லாத தம்பதி இருக்காங்க, சின்னவன அவங்க கிட்ட குடுத்துடலாம்னாரு. யாரும் கெட்ட எண்ணத்துல பேசல. ஆனா ரெண்டுமே அவசரம், ரெண்டாவது சட்டப்படி குற்றமும் கூட. அப்ப பாட்டி கூட அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத இங்க எழுதுறேன், யாருக்காவது நாளைக்கே தேவைப்படலாம்.

முதல்ல, முடிவெடுக்கிறது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. போலீஸ் இல்ல, ஹோம் நடத்துறவங்க இல்ல, சொந்தக்காரங்களும் இல்ல. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு இருக்கு, சிடபிள்யூசின்னு சொல்லுவாங்க, ஒரு தலைவர், நாலு உறுப்பினர், அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். மாஜிஸ்திரேட்டுக்கு உண்டான அதிகாரம் இவங்களுக்கு உண்டு. ஒரு குழந்தை எங்க தங்கணும், யார் கிட்ட இருக்கணும்னு உத்தரவு போடுறது இவங்கதான். இவங்களுக்காக வீடு தேடி வந்து விசாரிக்கிறது, ஃபைல் தயார் பண்றது எல்லாம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அதாவது டிசிபியூ. ரெண்டு ஆபீஸும் எங்க இருக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க.

பஸ் ஸ்டாண்டுலயோ கோயில் வாசல்லயோ தனியா ஒரு குழந்தையப் பாத்தீங்கன்னா 1098க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, எந்த நேரமும் பண்ணலாம். பக்கத்து ஸ்டேஷன்ல சொன்னாலும் சரி. பாவமா இருக்கேன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நாலு நாள் வச்சுக்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நெனைக்காதீங்க. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைய குழு முன்னாடி கொண்டு போகணும், குழு அன்னைக்குக் கூடலன்னா ஒரு உறுப்பினர் முன்னாடியாவது கொண்டு போகணும். பாத்துட்டு யாருக்கும் சொல்லாம விட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபாய் அபராதம், சில சமயம் ரெண்டுமேன்னு சட்டத்துல இருக்கு.

இன்னொன்னு, இத கெஞ்சிக் கேக்குறேன், அந்தக் குழந்தையோட போட்டோவ வாட்ஸ்அப்ல போடாதீங்க. பெயர், முகம், ஸ்கூல், ஊர், எதையும் வெளிய விடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. கொரோனா ரெண்டாவது அலையில, 2021ல, அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க, 2 வயசு குழந்தை, தத்தெடுக்க விரும்புறவங்க கூப்பிடுங்கன்னு எத்தன மெசேஜ் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி கைக்குக் கை மாத்துறதுக்குத் தத்தெடுப்புன்னு பேரே கிடையாது. முறைப்படி இல்லாம குடுத்தாலும் வாங்கினாலும் 3 வருஷம் வரைக்கும் தண்டனை, காசு கை மாறிச்சுன்னா அது விக்கிறதுல சேந்துடும், 5 வருஷம் வரைக்கும் போகும்.

சரி, குழு முன்னாடி போனா என்ன நடக்கும்? எங்க பாட்டி கோர்ட்டுன்னு நெனச்சு நடுங்கிட்டே வந்தாங்க, போயி பாத்தா ஒரு மேஜையச் சுத்தி உக்காந்து பேசினாங்க, அவ்ளோதான். பிள்ளைங்க கிட்ட தனியா கேப்பாங்க, உனக்கு யாரு கூட இருக்கணும்னு. வீட்டுக்கு வந்து விசாரிச்சு 15 நாள்ல ஒரு ரிப்போர்ட் குடுக்கணும், முதல் தடவ குழந்தைய ஆஜர் பண்ணதுல இருந்து 4 மாசத்துக்குள்ள இறுதி உத்தரவு வரணும். போகும்போது ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ், ஸ்கூல்ல இருந்து போனஃபைடு (அங்க படிக்கிறாங்கன்னு குடுக்கிற சான்று), எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. குடுக்கிற மனுவுக்கு ஒரு காப்பியில சீல் வாங்கி வச்சுக்கோங்க. நாங்க மொத தடவ அத வாங்காம வந்துட்டு, மனுவே வரலன்னு சொன்னப்ப திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். வறுமை மட்டும்தான் காரணம்னா குழந்தைய ஹோம்ல சேக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. ஹோம்ங்கறது கடைசி வழியா மட்டும்தான் இருக்கணும்னு அந்தச் சட்டமே சொல்லுது. அதுக்குப் பதிலா ஸ்பான்சர்ஷிப் கேளுங்க, தமிழ்ல நிதி ஆதரவுத் திட்டம். மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுல மாசம் 4,000 ரூபாய், பிள்ளை தன்னோட வீட்டுலயே, பாட்டி கிட்டயோ மாமா கிட்டயோ வளரலாம். அம்மா விதவையா இருந்தா, விவாகரத்து ஆகியிருந்தா, பெத்தவங்களுக்குப் பெரிய வியாதின்னா, அனாதையாகி சொந்தக்காரங்க வீட்டுல வளந்தா, எல்லாரும் கேக்கலாம். வருஷ வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். விண்ணப்பம் டிசிபியூல குடுக்கணும், மாவட்டத்துல ஒரு கமிட்டி பாத்து ஒப்புதல் குடுக்கும். தமிழ்நாட்டுல இது போக, அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து உறவினர் கிட்ட வளர்ற பிள்ளைங்களுக்கு மாசம் 2,000 ரூபாய் குடுக்கிற அன்புக்கரங்கள் திட்டமும் 2025ல ஆரம்பிச்சிருக்காங்க. எங்க பாட்டிக்கு இப்படி ஒரு உதவி இருக்குன்னு நாங்க போயி கேக்கிற வரைக்கும் யாருமே சொல்லல. நீங்களா பேர் சொல்லிக் கேளுங்க.

சொந்தத்துல யாருமே இல்ல, இல்ல இருக்கிறவங்க கிட்ட விட்டா ஆபத்துன்னா அப்பதான் ஃபாஸ்டர் கேர். இது தத்தெடுப்பு இல்லங்க, நெறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. தத்தெடுத்தா குழந்தை முழுசா உங்க பிள்ளை. ஃபாஸ்டர்ல நீங்க பாதுகாத்து வளக்குறீங்க, பெத்தவங்க நிலைமை சரியானா குழந்தை திரும்பிப் போகலாம், நடுவுல அவங்க வந்து பாக்கவும் குழு அனுமதிக்கலாம். கைக்குழந்தைக்கு இது கிடையாது, 6 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்குத்தான். தத்துக் குடுக்கக்கூடிய நிலையில இருக்கிற குழந்தைய நீண்ட காலத்துக்கு ஃபாஸ்டர்ல விடக்கூடாது, அவங்களுக்கு நிரந்தரமா ஒரு வீடு தேடணும். அண்ணன் தங்கச்சியா வந்தா கூடுமானவரைக்கும் பிரிக்காம ஒரே வீட்டுல வைக்கணும்.

ஃபாஸ்டர் பெற்றோரா ஆகணும்னா, 2024ல புது வழிகாட்டுதல் வந்துச்சு, அதுக்கு அப்புறம் கல்யாணம் ஆகாதவங்க, துணைய இழந்தவங்க, விவாகரத்து ஆனவங்களும் விண்ணப்பிக்கலாம். தனியா இருக்கிற பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம், தனியா இருக்கிற ஆணுக்குப் பெண் குழந்தைய குடுக்க மாட்டாங்க. தம்பதின்னா கல்யாணமாகி 2 வருஷமாவது ஆகியிருக்கணும். தத்தெடுப்பப் பாத்துக்கிற மத்திய அரசு அமைப்பான காராவோட போர்ட்டல்ல ஆன்லைன்ல பதிவு பண்ணணும், அப்புறம் வீட்டுக்கு வந்து பாப்பாங்க, வருமானம், உடம்பு, வீட்டுல வேற யாரு இருக்காங்க, உங்க சொந்தப் பிள்ளைங்க இதுக்கு என்ன சொல்றாங்க, எல்லாம் கேப்பாங்க. மறைக்காதீங்க. கமிட்டி ஒப்புதல் குடுத்து, பொருத்தமான குழந்தையா பாத்து, குழந்தையோட விருப்பத்தையும் கேட்டு, கடைசியா சிடபிள்யூசி உத்தரவு போடும். அதுக்கப்புறம் மாசா மாசம் வந்து பாக்கணும்னு சட்டம். நம்மள சந்தேகப்படுறாங்களேன்னு மூஞ்சத் தூக்காதீங்க, அந்தக் குழந்தைக்கு வெளிய பேச இருக்கிற ஒரே வழி அந்த விசிட்தான். 2 வருஷம் ஒரே வீட்டுல நல்லபடியா வளந்து, தத்துக் குடுக்கவும் வழி இருந்துச்சுன்னா அதே குடும்பம் தத்தெடுக்கக் கேக்கலாம், முன்னாடி இது 5 வருஷமா இருந்துச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இப்படி 9 வயசுப் பையன வளக்குறாங்க. மொத ரெண்டு மாசம் தலகாணி உறையில சப்பாத்தி ஒளிச்சு வச்சிருந்தானாம், அக்கா திட்டல, தினமும் ஒரு டப்பால பிஸ்கட் போட்டு அவன் படுக்கை பக்கத்துலயே வச்சாங்க, ராத்திரி பசிச்சா எடுத்துக்கோன்னு. கொஞ்ச நாள்ல டப்பா அப்படியே இருக்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மான்னு கூப்பிடச் சொல்லி ஒரு நாளும் கேக்கல. அவனுக்குன்னு ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களப் பத்தி இவனா பேசினா கேட்டுக்கிட்டா போதும்னு சொல்லுவாங்க.

பெத்த குழந்தைய வளக்க முடியாத நிலையில யாராவது இருந்தா அவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். குழு முன்னாடி சட்டப்படி ஒப்படைக்கலாம், அது குற்றம் இல்ல, மனசு மாறினா திரும்ப வாங்கிக்க 2 மாசம் டைம் இருக்கு. தமிழ்நாட்டுல 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டமும் இதுக்குத்தான். புதர்லயோ குப்பைத் தொட்டியிலயோ போட வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வர வேணாம்.

உத்தரவுல உடன்பாடு இல்லன்னா 30 நாளைக்குள்ள அப்பீல் போகலாம், ஃபாஸ்டர், ஸ்பான்சர்ஷிப் விஷயம்னா கலெக்டர் கிட்ட, மத்ததுக்கு குழந்தைகள் நீதிமன்றத்துல. 18 வயசு ஆயிடுச்சுன்னு ஹோம்ல இருந்து வெளிய வர்ற பிள்ளைங்களுக்கு ஆஃப்டர் கேர்னு 21 வயசு வரைக்கும், தேவைப்பட்டா 23 வரைக்கும், படிக்கவும் தங்கவும் உதவி உண்டு. அத 18 முடியறதுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டு வச்சிடுங்க, பிள்ளை பேர்ல பேங்க் அக்கவுண்ட், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் அதுக்குள்ள ரெடியா இருக்கணும், ஹோம விட்டு வந்தப்புறம் அதுக்கு அலைஞ்சா ரொம்ப கஷ்டம்.