பழைய லாரி பாடிக்கு ரிவிட் அடிக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சென்னைப் பேச்சில் ஒருவர் காரியத்தைக் கெடுத்துவிட்டால் 'ரிவிட் அடிச்சிட்டான்' என்பார்கள். பழைய ஃபார்கோ என்ற அமெரிக்க லாரி ஒன்றின் பின்பாடியைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கிய முதல் வருடம், நான் அடித்ததெல்லாம் அந்த வகை ரிவிட்தான்.

நிஜ ரிவிட் என்பது தகடுகளைப் பூட்டும் தலையுள்ள ஆணி. துளைக்குள் விட்டு, மறுபக்கம் நீட்டும் தண்டை அடித்து இன்னொரு தலையாக்க வேண்டும். நான் முதலில் கை வைத்தது பாப் ரிவிட்டில், ஒரு பக்கமிருந்தே பூட்டும் அலுமினிய ரிவிட் அது. ரிவிட் கன்னை அழுத்தினால் 'டக்' என்று வேலை முடிந்துவிடும், ஒரே சாயங்காலத்தில் ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டேன். வண்டி நின்றது திருவான்மியூரில், கடலுக்கு நடந்து போகும் தூரம். இரண்டு மழைக்காலம் போவதற்குள் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்து பெயிண்ட் உப்பிவிட்டது. அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, கரைவது அலுமினியம். போதாக்குறைக்கு பாப் ரிவிட்டின் நடுவே துளை இருக்கும், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். பழைய பாடிக்கு வேண்டியது உருண்டைத் தலை கொண்ட கெட்டி இரும்பு ரிவிட்.

அதற்கும் முன்னால் ஒன்று. நம் ஊரில் பெரிய லாரிகள் பெரும்பாலும் வெறும் சேசிஸாகத்தான், அதாவது பாடி இல்லாத அடிச்சட்டமாகத்தான் வந்தன, பாடி கட்டியது உள்ளூர்ப் பட்டறை. அதனால் அமெரிக்க வண்டியின் படத்தைப் பார்த்து 'ஒரிஜினல்' என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் தலையின் அகலம், உயரம், ரிவிட்டுக்கு ரிவிட் இடைவெளி எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே அட்டையில் அச்செடுத்து வையுங்கள். மரப்பலகையைப் பிடிப்பது பல வண்டிகளில் ரிவிட்டே இல்லை, சதுரக் கழுத்து போல்ட்.

கழற்றும்போது கிரைண்டரை எடுக்கத்தான் கை போகும். தலையோடு தகட்டையும் அது பிறை வடிவில் தின்றுவிடும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, ரிவிட்டின் தண்டைவிடக் கொஞ்சம் சின்ன பிட்டால் தலையின் உயரம் வரைக்கும் மட்டும் துளையிட்டு, உளியால் ஒரு தட்டு. தலை பறந்துவிடும். அப்புறம் பின்னால் முட்டுக்கொடுத்து பஞ்ச்சால் தள்ளினால் தகடு நெளியாது.

துளை விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பழைய துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அதிலேயே புது ரிவிட்டை விட்டால் தண்டு நிரம்பாமல் ஒரு பக்கம் சாயும். அதை வெல்டு வைத்து நிரப்பி, சமமாக்கி, புதிதாகத் துளையிட வேண்டும். குளிர்நிலையில் அடிக்கும் 6 மி.மீ. ரிவிட்டுக்கு 6.4 மி.மீ. துளை போதும். இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்தே துளையிடுங்கள். பிறகு பிரித்து, விளிம்புப் பிசிறை எடுத்து, இடையில் மாட்டிய இரும்புத் துருவலைத் துடைத்து, ஒட்டும் முகங்களுக்கு பிரைமர் அடித்துவிட்டு மறுபடி சேருங்கள். பூட்டிய பிறகு அந்த இடுக்குக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது.

அடுத்தது நீளம். கடைக்காரரிடம் '2 நூல் ரிவிட் கொடுங்க' என்றால் கால் அங்குலப் பருமனில் கையில் கிடைத்த நீளத்தைக் கொடுப்பார். கணக்கை நாம்தான் போட வேண்டும்: தகடுகளின் மொத்தப் பருமன், அதோடு உருண்டைத் தலைக்குத் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 3 மி.மீ. தரைத்தகடு, 5 மி.மீ. கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), 6 மி.மீ. ரிவிட் என்றால் 8-உம் 9-உம் சேர்த்து 17 மி.மீ. கூடினால் தண்டு வாழைத்தண்டு மாதிரி மடங்கிப் படுத்துவிடும். குறைந்தால் தலை தொப்பி போடாமல் தட்டையாக நின்றுவிடும். அதே பருமனுள்ள பழைய துண்டில் நாலைந்து அடித்துப் பாருங்கள்.

தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் ரிவிட் அங்கேதான் பருக்கும், பிறகு எத்தனை அடித்தாலும் இறுகாது. எனவே இரண்டு, மூன்று துளைக்கு ஒன்றாகத் தற்காலிக போல்ட் போட்டு முறுக்கி, நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தகட்டின் நடுப்பகுதி அப்பளமாக உப்பும்.

அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரிவிட்டில் ஏற்கெனவே இருக்கும் தலையில் டாலியை, அதாவது முட்டுக்கொடுக்கும் குழிந்த இரும்புக் கட்டையை, முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் அடிக்க வேண்டும். டாலி லேசாக இருந்தால் அடி முழுக்க அதன் துள்ளலில் போய்விடும். என் கூட்டாளி தச்சுச் சுத்தியலால் டொக் டொக்கென்று நாற்பது அடி அடித்தார். இரும்பு அடி வாங்க வாங்க விறைக்கும், தலையின் விளிம்பில் பூ மாதிரி வெடிப்பு விட்டது. கனமான சுத்தியலால் சில பலமான அடி, பிறகு ஸ்னாப் (தலைக்கு உருண்டை வடிவம் தரும் குழிந்த அச்சு) வைத்து உருட்டி முடிப்பதுதான் சரி.

10 மி.மீ. அளவுக்குப் போனால் காய்ச்சி அடிப்பதே வழக்கம். ஆறும்போது தண்டு சுருங்கி தகடுகளை இழுத்துப் பிடிக்கும். பொறி பறக்கும் அளவுக்குச் சூடேற்றினால் இரும்பு எரிந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கி எறியுங்கள். சிவப்பு மங்கி நீலம் பாயும் சூட்டில் அடித்தாலும் உடையும் தன்மை வந்துவிடும். சேசிஸ் ரிவிட்டை மட்டும் வீட்டில் முயலாதீர்கள், அது அனுபவப்பட்டவர் கை வைக்க வேண்டிய இடம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பக்கம் விரலை வைத்து, மறு பக்கம் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இறுகியது 'கிண்'ணென்று ஒலிக்கும். தளர்ந்தது விரலில் அதிரும். அதை இன்னும் இரண்டு அடி போட்டுச் சரிக்கட்டப் பார்க்காமல், சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டியெடுத்து வேறு அடியுங்கள். எனக்கு அந்தப் பாடியில் ஒரே பக்கத்தில் பதினோரு வட்டம் விழுந்தது.