மைக்ரோடிக் ரவுட்டரில் ஆளுக்கு ஒரு கணக்கு

ஆபீஸில் மைக்ரோடிக் ரவுட்டர் இருந்து, எல்லோரும் ‘அட்மின்’ பெயரிலேயே உள்ளே போனால் யார் எதை மாற்றினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிடுங்கள். ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் சிஸ்டம், அப்புறம் யூசர்ஸ், அவ்வளவுதான் வழி.

யாருக்கு என்னென்ன உரிமை என்பதை முடிவு செய்யும் குரூப் தேர்வில்தான் கவனம் வேண்டும். ஃபுல், ரைட், ரீட் என மூன்று குரூப்கள் தயாராகவே இருக்கும். ‘ரீட்’ என்றால் பார்க்க மட்டும்தான் என நினைத்து பலரும் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ரீபூட் உரிமையும் சேர்ந்தே வருகிறது! வேலை நேரத்தில் ஒருவர் ரவுட்டரை அணைத்து எழுப்பினால் மொத்த ஆபீஸும் நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ‘சென்சிட்டிவ்’ உரிமையும் உண்டு. வைஃபை பாஸ்வேர்டு போன்ற ரகசியங்கள் அதன் வழியாகக் கண்ணில் படும்.

அதனால் குரூப்ஸ் டேபில் புதிதாக ஒன்றை உருவாக்கி ரீட், டெஸ்ட், வின்பாக்ஸ் மூன்றை மட்டும் டிக் செய்யுங்கள். இணைப்பு இருக்கிறதா என்று பிங் அடித்துப் பார்க்க டெஸ்ட் போதும். ‘பாலிசி’ உரிமையை மட்டும் உங்களைத் தவிர யாருக்கும் தராதீர்கள், அது இருந்தால் அவரே புதுக் கணக்கு போட்டுக்கொள்வார்.

கணக்கிலேயே ‘அலவ்டு அட்ரஸ்’ என்ற கட்டம் இருக்கிறது. அங்கே 192.168.88.0/24 போல உங்கள் உள் நெட்வொர்க்கைக் கொடுத்தால் வெளியிலிருந்து அந்தப் பெயரில் நுழைய முடியாது.

பழைய அட்மினை நீக்குமுன், ஃபுல் குரூப்பில் உங்களுக்கென ஒரு கணக்கு போட்டு, வேறு விண்டோவில் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.