‘ஆண்டவர் எழுதச் சொன்னார்’ என்று ஆரம்பிக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் ஒரு நோட்டு இருக்கும். பிரசங்கக் குறிப்பு, சாட்சி, தாத்தா காலத்தில் கட்டிய கோயிலின் வரலாறு, இப்படி ஏதோ ஒன்று. அது புத்தகமாக வரவேண்டும் என்ற ஆசையும் இருக்கும். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் இங்கே வந்த நாளில் இருந்து இந்த ஊர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது, ஆகவே ஆசையில் தப்பில்லை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவில் உள்ள கிறிஸ்தவ இலக்கிய ஏஜென்ட்டுக்கு, அதாவது பதிப்பகத்திடம் நமக்காகப் பேசுகிறவருக்கு, அனுப்புவது. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் ஆங்கிலம்.

நான் ஏஜென்ட் இல்லை. ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், யார் ஆங்கிலத்தில் எதை எழுதினாலும், கல்யாணப் பத்திரிகை முதல் புத்தகம் வரை, ‘சார்வாள் ஒரு தடவை பாத்துக் குடுங்க’ என்று என்னிடம்தான் வரும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு புரோபோசல்கள், அதாவது புத்தகத்தை விவரித்து ஏஜென்ட்டுக்கு அனுப்பும் குறிப்புகள், படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப அதே தவறுகள்.

முதலில் ஒன்று. தமிழில் எழுதியிருந்தால் ஏஜென்ட் வேண்டியதே இல்லை. தமிழ்ப் பதிப்பகங்களுக்கு நாமே நேரடியாக எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம். அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வராத பிரதியைப் பிரித்தே பார்ப்பதில்லை, அதனால்தான் அங்கே அவர் தேவைப்படுகிறார். அவருக்கு வருமானம், பதிப்பகம் நமக்குத் தரும் அட்வான்ஸிலும் ராயல்டியிலும் வழக்கமாக 15 சதவீதம். புத்தகம் விற்கவில்லை என்றால் அவருக்குக் காலணா கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர் நம் புரோபோசலை எந்தக் கண்ணோடு படிப்பார் என்று புரிந்துவிடும். இதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு எடிட்டரிடம் என்னால் பேச முடியுமா? அவ்வளவுதான் அவர் கேள்வி.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, ஒரு நாள் விடியற்காலை ஜெபத்தில் ஆண்டவர் இந்தப் புத்தகத்தை எழுதச் சொன்னார் என்றுதான் தொடங்கின. நான் அதைக் கேலி செய்யவில்லை, சொல்லியிருக்கலாம். அந்த ஏஜென்ட்டும் விசுவாசிதான். ஆனால் அவர் மேசையில் அன்று காலை வந்த மற்ற மெயில்களிலும் இதே வரி இருக்கிறது, எல்லாரையும் ஆண்டவர்தான் எழுதச் சொல்லியிருக்கிறார், அவர் எதை எடுப்பார், எதை விடுவார்? அதோடு இந்த வரி அவரை ஒரு சங்கடத்தில் மாட்டிவிடுகிறது. வேண்டாம் என்று சொன்னால் ஆண்டவருக்கே மறுப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இப்படி மடக்குகிற ஆளோடு இரண்டு வருஷம் வேலை செய்ய யாருக்கு மனசு வரும்? அழைப்பைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் உங்களைப் பற்றிய பகுதியில் ஒரு வரி சொல்லுங்கள். முதல் பத்தியில் புத்தகம் எதைப் பற்றியது, யார் கையில் இருக்கவேண்டியது என்பது வரட்டும்.

யார் கையில் என்று கேட்டால் அடுத்த தவறு வந்து நிற்கும். ‘எல்லாருக்கும்தான் சார்வாள். கிறிஸ்தவங்களுக்கும், மத்தவங்களுக்கும், வாலிபர், பெரியவங்க, எல்லாருக்கும்.’ எல்லாருக்கும் என்றால் கடையில் அதை எந்த அலமாரியில் வைப்பார்கள்? கணவனை இழந்த இரண்டாம் வருஷத்தில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் வருவதை நிறுத்திய பிறகு, தனியாக ஆராதனைக்குப் போய்வரும் பெண்ணுக்கு என்று எழுதினால் ஏஜென்ட் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பெண் சுரண்டையிலும் இருக்கிறாள், டல்லாஸிலும் இருக்கிறாள்.

அப்புறம் பிரசங்கத் தொகுப்பு. இதைச் சொன்னால் போதகர்களான ஐயர்மார் சிலருக்கு என்மேல் வருத்தம் வரும், பரவாயில்லை. முப்பது வருஷப் பிரசங்கங்களில் நல்லதாக இருபதைப் பொறுக்கி, தட்டச்சு செய்து, அத்தியாயம் 1, அத்தியாயம் 2 என்று போட்டு அனுப்புகிறார்கள். கோயிலில் பிரசங்கம் நீண்டாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கிறது. புத்தகம் படிக்கிறவருக்கு அந்தப் பயம் இல்லை, மூடி வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவார். மேடையில் குரல் செய்கிற வேலையைத் தாளில் வாக்கியம்தான் செய்யவேண்டும். ‘பிரியமானவர்களே’ என்பதை எல்லாம் வெட்டினால் மட்டும் போதாது. இருபது பிரசங்கங்களுக்கும் தனித்தனி முடிவு இருக்கும், புத்தகத்துக்கோ முதல் பக்கத்தில் எழுந்த கேள்வி கடைசிவரை வளர்ந்துகொண்டே போகவேண்டும். புரோபோசலில் அத்தியாயச் சுருக்கம் கேட்பதே இதைப் பார்க்கத்தான்: ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்து இரண்டாவதாக வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றால் அது தொகுப்புதான், வேறு என்ன சொல்ல.

எனக்கு அதிகம் வலிக்கிற தவறு வேறு. நம் ஊரை ஒளித்து வைப்பது. மெஞ்ஞானபுரம் பக்கத்தில் தேரிக்காட்டுச் செம்மண்ணில் வளர்ந்த ஒருவர், காலமெல்லாம் பனையேறிய அப்பாவுக்கு மகன், பொறுமையைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். அதில் பனி பெய்கிறது. வீட்டுக்குள் கணப்பு எரிகிறது, ஜன்னலுக்கு வெளியே ஓக் மரம். நான் அவரிடம், ‘தம்பி, நீ ஓக் மரம் பாத்திருக்கியா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அமெரிக்கர்கள் படிக்கவேண்டும் என்றால் அவர்களுக்குத் தெரிந்ததை எழுதவேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஓக் மரத்தைப் பற்றி எழுத அங்கேயே ஆயிரம் பேர் இருக்கிறார்களே! விடியும் முன்னே ஏறி, பாளையைச் சீவி, கலயம் மாற்றி, சாயங்காலம் மறுபடி அதே மரங்களில் ஏறி, ஒரு நாள் விட்டாலும் பதநீர் வரத்துக் கெட்டுப்போகும் என்ற வாழ்க்கையைப் பற்றி எழுத அந்த ஏஜென்ட்டுக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்? அந்த அத்தியாயம் அவர் வீட்டு முற்றத்திலேயே கிடந்தது.

அதேபோல அசனம், நம் கோயில் விருந்து. சாதம் வடித்து, குழம்பு கொதித்து, ஊரே ஒரே பந்தியில் உட்காரும் அந்த நாளை வைத்துத் திருவிருந்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊர் வாசனை வேண்டும் என்பதற்காகச் சேகரம், சபை ஊழியர், பிரதிஷ்டைப் பண்டிகை, ஸ்தோத்திரக் காணிக்கை என்று விளக்கமே இல்லாமல் அடுக்கினால் வெளியாளுக்குத் தலை சுற்றும். வார்த்தையை அப்படியே வையுங்கள், அந்த வாக்கியத்துக்குள்ளேயே அது என்ன என்று தெரியும்படி எழுதுங்கள். அடிக்குறிப்புப் போட்டு ஓடிவிடாதீர்கள்.

ஒப்பீட்டு நூல்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஏறக்குறைய கடந்த ஐந்து வருஷத்துக்குள் வந்த, உங்கள் புத்தகத்தின் பக்கத்தில் வைக்கத்தக்க நாலைந்து புத்தகங்களைச் சொல்லி, அவற்றில் இருந்து உங்களுடையது எங்கே விலகுகிறது என்று காட்டவேண்டும். நம் ஆட்கள் இதில் ‘இதுபோல் உலகத்தில் வேறு புத்தகம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், பெருமையாக. ஏஜென்ட் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்: ஒன்று, இவர் படிப்பதில்லை, இரண்டு, இந்த விஷயத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. நான் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைத்தான் உதாரணம் சொல்வேன். 1894-இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்துக்கு அவரைப் புரோபோசல் எழுதச் சொல்லியிருந்தால் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்திருக்கும். கதை, ஏற்கெனவே வாசகர் உள்ள ஆங்கில நூலான ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’. பாடுவது வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய திருநெல்வேலிக்காரர். பக்கத்தில் எது, விலகல் எங்கே, இரண்டும் இருக்கிறதா?

டோனாவூரைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். அங்கே குழந்தைகளுக்கான இல்லம் நடத்திய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் 1951-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர், அவரே நிறைய எழுதினார், அவரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த வாழ்க்கை வரலாறுகளும் ஏற்கெனவே பல. அவற்றைப் படித்து இன்னொன்று எழுதினால் ஏஜென்ட்டுக்கு அது தேவைப்படாது. உங்கள் பாட்டி அங்கே வளர்ந்தவர், அவர் சொன்னது உங்களிடம் இருக்கிறது என்றால் கதையே வேறு. மேற்கோள் உரிமையிலும் கவனம். பதிப்புரிமை இந்தியாவில், எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை இருக்கும், பிரிட்டனில் 70, அமெரிக்காவில் பழைய புத்தகங்களுக்கு வெளியான ஆண்டை வைத்து 95. இங்கே தாராளமாக எடுக்கலாம் என்பதற்காக அங்கேயும் எடுக்கலாம் என்று இல்லை.

வேத வசனமும் அப்படித்தான். நமக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மனப்பாடம், அதனால் எழுதும்போது அதையே மனதில் ஆங்கிலமாக்கி எழுதிவிடுகிறோம். சங்கீதம் 23-இல் நம்முடையது ‘தாழ்ச்சியடையேன்’ என்கிறது, ஆங்கில வேதாகமங்களில் இருப்பது குறைவுபடேன் என்ற பொருள். தாழ்ச்சி என்ற சொல்லை வைத்து மூன்று பக்கம் விளக்கம் எழுதினால் ஆங்கில வாசகர் தன் வேதாகமத்தைத் திறந்து, எங்கே அந்தச் சொல் என்று தேடுவார். ஒரே மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே பிடியுங்கள், அதன் அனுமதி விதியையும் பாருங்கள். என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால் 500 வசனம் வரை எழுத்து அனுமதி கேட்கவேண்டாம், ஆனால் வேதாகமத்தின் எந்தப் புத்தகத்தையும் முழுசாக எடுக்கக்கூடாது, வசனங்கள் உங்கள் நூலில் 25 சதவீதத்தைத் தொடவும் கூடாது. தியான நூல் எழுதுகிறவர்கள் இந்தக் கால்வாசியைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

சொல் எண்ணிக்கையில் ஒரு சின்ன விஷயம். தமிழில் எழுதி மொழிபெயர்ப்பவர்கள் தமிழ்க் கணக்கையே போட்டு அனுப்பாதீர்கள். ‘வந்திருக்கமாட்டார்கள்’ என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஐந்து.

‘உங்களை யாருக்குத் தெரியும்’ என்று ஏஜென்ட் கேட்கும் கேள்விக்கு நாம் பிஷப்பின் அணிந்துரையை அனுப்புகிறோம். அணிந்துரை நல்லதுதான், ஆனால் ஏஜென்ட் கேட்டது அது இல்லை. நீங்கள் எழுதியதை இப்போதே தேடிப் படிக்கிறவர்கள் யார், எத்தனை பேர்? மாதாமாதம் நம் திருமண்டலப் பத்திரிகையான நற்போதகத்தில் எழுதுகிறீர்களா? வேதபாட வாட்ஸ்ஆப் குழுவில் 300 பேர் தினமும் கேட்கிறார்களா? வளைகுடாவில் இருக்கும் நம்மூர்ச் சபைகள் வருஷா வருஷம் கூப்பிடுகின்றனவா? அதைச் சொல்லுங்கள். கன்வென்ஷனில் பத்தாயிரம் பேருக்குப் பேசினேன் என்பது பெரிய கணக்கில்லை, அந்தப் பத்தாயிரம் பேரும் மறுநாள் வேறொருவர் பேச்சுக்கு வந்து உட்கார்ந்தவர்கள்தான். இருக்கிற எண் சிறியதாக இருந்தால் சிறியதாகவே எழுதுங்கள், ஊதவேண்டாம்.

சாட்சிப் புத்தகத்தில் மற்றவர் கதை வரும்போது அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சகோதரி ஒருவரின் வியாதியும் குடும்பச் சண்டையும் ஜெப விண்ணப்பமாக உங்கள் காதுக்கு வந்தது, அச்சுக்கு இல்லை.

காசு கேட்டால் ஓடிவிடுங்கள். படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், ‘உங்கள் புத்தகம் தேர்வாகிவிட்டது, தயாரிப்புச் செலவில் பாதி மட்டும் அனுப்புங்கள்’, எதுவானாலும் சரி. நேர்மையான ஏஜென்ட் படிப்பதற்குப் பணம் வாங்கமாட்டார். நானே ஒருமுறை ஏமாந்தேன். வாழ்த்தும் வசனமும் கலந்து அருமையாக ஒரு மெயில் வந்தது, ‘பரிசீலனைக் கட்டணம்’ அனுப்பினேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் இருந்து ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் அரசு நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது.

அனுப்பும் முறையிலும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் தளத்தில் என்ன அனுப்பவேண்டும் என்று எழுதி வைத்திருப்பார். சிலருக்கு முதலில் ஒரு பக்கக் கடிதம் போதும், சிலர் முழுப் புரோபோசலும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் கேட்பார்கள், முதல் நாவல் என்றால் முழுசாக எழுதி முடித்திருக்கவேண்டும். நாற்பது பேருக்கு ஒரே மெயிலில், எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல எழுத்து. நாற்பது பேரில் ஒருவரும் பதில் போடவில்லை. பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், வாரம் ஒருமுறை ‘பிரைஸ் த லார்ட், என்ன ஆச்சு’ என்று கேட்காதீர்கள்.

அந்தத் தேரிக்காட்டுத் தம்பி திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். ஓக் மரம் போய்விட்டது. முதல் வரியில் அவருடைய அப்பா அன்றைய இரண்டாம் தடவைக்காக அதே பனையின் அடியில் நின்று தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறார், மேலே பார்க்கிறார், ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று நான் கேட்டேன். ‘அது மூணாவது பக்கத்துல வருது சார்வாள்’ என்றார். போன வாரம் அனுப்பியிருக்கிறார், மூன்று பேருக்கு, தனித்தனியாக.